வரிசையில் கடைசி

மதலேனம்மாளுக்குப் பெரிய வெள்ளியன்னிக்குக்கூட நேரத்துக்குக் கோயிலுக்கு வரத் தெரியாது.

ஊரே வரிசையில் நின்று சிலுவைக்கு முத்தம் வைத்துவிட்டுக் கிளம்பும். அப்போதுதான் அரக்கப்பரக்க வந்து கடைசியில் நிற்பாள்.

“எதுத்தாப்புல வூட்டை வெச்சிக்கிட்டு வருசா வருசம் லேட்டு. நல்லாவா இருக்குதுங்க்கா?” கோயில்பிள்ளை அருள்பிரகாஷ் கேட்பான். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

சவரிராயன் கடைசியில் நிற்பதற்காவது காரணம் உண்டு. அவனுக்கு சோரியாசிஸ். முழங்கை, கால், நெற்றி எல்லாம் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். அவன் முத்தம் வைத்த இடத்தை அருள்பிரகாஷ் துணியால் எவ்வளவு துடைத்தாலும், அடுத்த ஆள் தயங்கும். அதைப் பார்க்க வேண்டாமென்று அவனே பின்னால் போய்விட்டான்.

தர்மபுரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

“இது யாருக்கும் ஒட்டாதுங்க. முழுசா போகாது, ஆனா கட்டுக்குள்ள வெச்சிக்கலாம். நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க.”

அதை ஊரில் ஒவ்வொருத்தரிடமும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள்.

இந்தத் தவக்காலத்தில் மற்றவர்கள் கறி, மீனை விட்டபோது, சவரிராயன் மாத்திரையையும் களிம்பையும் விட்டான். மருந்தை விட்டு நோன்பிருந்தால் ஆண்டவர் அடியோடு குணமாக்குவார் என்று ஒரு நம்பிக்கை. பெரிய வெள்ளிக்குள் செதில் கன்னத்துக்கும் பரவிவிட்டது.

கோயில் வாசலில் அருள்பிரகாஷ் அவனை ஓரமாகக் கூப்பிட்டான்.

“தப்பா நெனக்காதீங்கண்ணே. இந்த வருசம் வூட்ல இருந்தே கும்பிட்டுக்கங்களேன்.”

சவரிராயன் இனி இந்தப் படியையே மிதிப்பதில்லை என்று கோயிலின் பின்பக்கமாக நடந்தான்.

அங்கே மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் மதலேனம்மாள் உட்கார்ந்திருந்தாள். முக்காடு, கையில் ஜெபமாலை, பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டில். வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

“இங்க என்னங்க்கா பண்றீங்க? உள்ள வரிசை ஆரம்பிச்சிடுச்சே.”

“நீ எங்க போற?”

“வூட்டுக்கு. என்னைய வர வேணாம்னுட்டாங்க.”

அவன் கன்னத்தையே பார்த்தாள்.

“மருந்தை விட்டுட்டியா? கூறுகெட்டவனே, திங்கக்கெழம மொத வேலையா டாக்டரைப் போய்ப் பாரு.” எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். “இப்ப போய் வரிசையில நில்லு.”

“எனக்குப் பின்னால யாருங்க்கா நிப்பாங்க?”

“ஒட்டாதுன்னு நீ சொன்னப்பவே நான் நம்பிட்டேன் சவரி. நீ மொதல்ல போய் நிக்கணும்னுதான வருசா வருசம் இங்க உக்காந்திருக்கேன்.”