பனியில் பழகிய காது

பனியில் புதைந்த சிப்பாய்களின் இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்க ராணுவம் பொருத்திய காதோடு வந்தால், ஊரில் போலீஸ் வேலை நிச்சயம். ஏட்டு அருமைநாயகம் அப்படித்தான் அந்தத் தெருவுக்கு வந்தார். அதுவரை தெருவின் காதாக இருந்த வசுமதிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

அன்று ரோந்து வந்தவர் எதிர்வீட்டுக் கதவருகே நின்றுவிட்டார்.

"அங்க யாருமில்ல சார். ரேணு கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வாசல்ல கோலம்கூட இல்ல பாருங்க," என்றாள் வசுமதி.

"உள்ள ரெண்டு துடிப்பு கேக்குதுக்கா. ஒண்ணு மெதுவாகிட்டே போகுது."

ரெண்டா? ரேணுவின் புருஷன் வேலைக்குப் போனதை அவளே பார்த்திருந்தாள். வசுமதியின் கண்கள் விரிந்தன.

ஏட்டு கதவை உடைத்தார். குளியலறை வாசலில் ரேணு வழுக்கி விழுந்து மண்டை உடைந்து கிடந்தாள். வேறு யாரும் இல்லை.

"இன்னொண்ணு எங்க சார்?"

அவர் ரேணுவின் வயிற்றைக் காட்டினார். "இங்கதான். குருவி மாதிரி படபடன்னு ஓடுது."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரேணு கண் திறந்தாள்.

"அக்கா, இன்னும் மூணு மாசம் முடியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மூன்று மாதம் முடியும்வரை, பதினோரு நாள் வசுமதி வாயே திறக்கவில்லை. ஏட்டின் காதைவிட, தெரு இன்றும் வியந்து பேசுவது அதைத்தான்.