மூக்குத் தடம்

கேமராவைக் கண்ணில் வைத்தார்.

முதலில் வலக்கண்ணில்தான். கை பழகிய பழக்கம் அது.

எதிரே அன்சாரி நிற்கவேண்டும். நிற்கவில்லை. அவன் கடையும் இல்லை. எல்லாம் ஒரே புகை.

பட்டனை அமுக்கினார். ட்ளக்.

"சத்தத்தக் கேளுங்கண்ணே, சத்தத்த" என்றான் புகைக்குள்ளிருந்து அன்சாரி.

பத்திரிகைக்காரர் யாரோ வைத்திருந்த கேமராவாம். பழசுதான். ஆனால் ராஜா. செங்கல் கனம். மழைக்கு மசியாது, தூசிக்கு அசராது. இந்த மாடல் புதிதாக வந்த காலத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்சாரி வாங்கிக் கொடுத்த டீயை மட்டும் குடித்துவிட்டுப் போன கல்யாணப் போட்டோக்காரர் இவர். இன்றைக்கு, பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் புதுக் கேமரா என்ன விலையோ, அதே விலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

மனைவி ஜெசிந்தா ஸ்டூலில் இருந்தாள். கல்யாண வீடுகளில் அவருக்கு விளக்குப் பிடிப்பவள் அவள்தான்.

அவள் தெருவைப் பார்த்த நேரமாகப் பார்த்து, கேமராவை இடக்கண்ணுக்கு மாற்றினார்.

அன்சாரி தெரிந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் தெரிகிற மாதிரி. மூக்கு எது, முகம் எது என்று பிரிக்கவேண்டியிருந்தது.

வலக்கண் பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடக்கண்ணைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாமாம்.

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அவள் அழுதால் அவள் அண்ணன் என்னவென்று கேட்பான். அவன் கேட்டால் ஊர் கேட்கும். கண் போன போட்டோக்காரனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?

போன முகூர்த்தத்தில் தாலி கட்டும் படம் அப்படித்தான் ஆனது. தாலி கலங்கலாக. பின்னால் பெண்ணின் மாமா விட்ட கொட்டாவி பளிச்சென்று. பெண்ணைப் பெற்றவள் என்ன இது என்று கேட்டாள். கேமரா கெட்டுப்போச்சு என்றார்.

அது கெடவில்லை. பாவம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. வேறு ஒன்று வாங்கியாகவேண்டும். வெள்ளிக்கிழமை அடுத்த கல்யாணம்.

அன்சாரி சின்னதை நீட்டினான். உள்ளே கண்ணாடி கிடையாது, எட்டிப் பார்த்தால் குட்டித் திரை, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று செய்தது, அண்ணனுக்கு இதெல்லாம் பொம்மை என்று சொல்லிக்கொண்டேதான் நீட்டினான்.

பொம்மைதான். பிடித்தால் சுண்டு விரலுக்கு இடம் இல்லை.

இடக்கண்ணில் வைத்தார்.

கடைக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

ஜெசிந்தா பக்கம் திருப்பினார். திரையில் ஒரு சின்னக் கட்டம் தானாகப் போய் அவள் முகத்தில் உட்கார்ந்தது. பிறகு கண்ணுக்குத் தாவியது. அவள் அசைந்தாள். அதுவும் கூடவே போனது. விடவில்லை.

அவள் புருவத்தில் ஒரு நரைமுடி.

இது எப்போது வந்தது?

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறக்கினார்.

இதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுவதா? பெரிய கேமராவைக் கண்டால் கூட்டம் தானாக வழிவிடும். இதே பொம்மையை மாப்பிள்ளையின் தம்பியும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பான். ஏன் சார் இதுக்கு மாறிட்டீங்க என்று ஒருத்தனாவது கேட்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பெரிசே இருக்கட்டும் என்றார்.

அன்சாரி பெட்டி எடுக்க உள்ளே போனான்.

ஜெசிந்தா எழுந்து வந்தாள். பெரிய கேமராவைக் கையில் எடுத்தாள். முந்தானையால் பின்பக்கத் திரையைத் துடைக்கப் போனாள்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் துடைப்பது அவள் வேலை. பன்னீர், சந்தனம், வியர்வை. திரையில் அவர் மூக்கு இடித்த எண்ணெய்த் தடம். வலக்கண்ணால் பார்க்கிறவருக்கு அது இடது ஓரத்தில் விழும். இத்தனை வருடமும் அங்கேதான் விழுந்தது.

அவள் கை வலது ஓரத்துக்குப் போனது.

தேடவில்லை. நேராக அங்கே போனது. துடைத்தது.

அவர் தரையைப் பார்த்தார்.

அன்சாரி பெட்டியோடு வந்தான்.

"சின்னதையே குடுங்க தம்பி. பெருசத் தூக்கிட்டு அலைய என் தோள்பட்டை தாங்காது" என்றாள் ஜெசிந்தா.

தூக்கப்போவது அண்ணன்தானே அக்கா என்று அன்சாரி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவர் மறுக்கவில்லை.

அன்சாரி சின்னதைப் பெட்டியில் வைத்தான்.

வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கவேண்டும். பெட்டியை வலக்கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தார். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நடந்தார்.

கேட்கவில்லை.

இடப்பக்கம் திரும்பினார். அவள் எப்போதும் நடக்கும் பக்கம்.

கடைச் சுவர்தான் இருந்தது.

வலது முழங்கையை ஒரு கை பிடித்து உள்ளே தள்ளியது. ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது.

கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் தெரிந்தாள். ரோட்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

எப்போதிருந்து என்று கேட்க வாயெடுத்தார்.

சர்ச்சுக்குப் போனது நினைவுக்கு வந்தது. சந்தைக்குப் போனது. போன முகூர்த்தத்தன்று விளக்கும் வெளிச்சக் குடையுமாக மண்டபத்துக்கு நடந்தது.

கொஞ்ச நாளாகவே இடப்பக்கம் காலியாகத்தான் இருந்திருக்கிறது.

பெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.