நுரையும் பின்னமும்

தலை நிறைய ஷாம்பு நுரையோடு பின்போர்ஷன் நர்ஸ் முற்றத்தில் நிற்கிறாள். வழியும் நுரை ஒரு கண்ணை மூடிவிட, இன்னொரு கண் இரண்டுக்கும் சேர்த்து முறைக்கிறது. மூன்று வீட்டுக்கும் பொதுவான நீலத் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் வீட்டுக்காரர் சாக்பீஸால் கணக்கு எழுதுகிறார். காலை வெயில் பீப்பாயை ஊடுருவி, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிக்கொடுக்கிறது. அவர் கணக்கைத்தான் நம்புகிறார். "மாடி வீட்டுக்குப் பாதி, முன்வீட்டுக்கு மூணுல ஒண்ணு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. ஆக, போனது அஞ்சுல ரெண்டு. மிச்சம் மூணு பங்கையும் உனக்கே விட்டிருக்கேன்மா." "மாடி மட்டுமே பாதியக் கொண்டுபோயிடுச்சு. அதுக்கப்புறம் முன்வீடும் மொண்டா, போனது பாதியவிடக் குறையுமாண்ணே? எனக்கு மிஞ்சினது ஆறுல ஒண்ணு. அது தலைய நனைக்கவே போச்சு. உங்க கணக்க நம்பி ஷாம்பு போட்டேன் பாருங்க! டூட்டிக்கு இப்படியே போகவா?" "கோபப்படாதம்மா, கணக்கு பொய் சொல்லாது." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குவளையை அவர் கையில் திணிக்கிறாள். "அப்ப அந்த மூணு பங்க நீங்களே மொண்டு ஊத்துங்க." குனிந்து தலையை அவர் முன்னால் நீட்டுகிறாள். நுரை அவர் செருப்பில் சொட்டுகிறது. வீட்டுக்காரர் இடுப்புவரை பீப்பாய்க்குள் கவிழ்கிறார். காய்ந்த அடியைக் குவளை சுரண்டுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்கிறது.