முப்பது டாலர் வகுப்பு

"முப்பது டாலரா? எட்டு மணி நேர வகுப்புக்கா? அந்த ஆளு கண்டிப்பா ஃப்ராடுதான்டி!" என்றாள் மார்லீன், லொரெட்டாவின் தலைக்குச் சாயம் பூசியபடியே.

லொரெட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போக லைசென்ஸ் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு முதலில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டி, பயிற்சியாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வட்டாரத்தில் எங்கே விசாரித்தாலும் நூற்றிருபது, நூற்றைம்பது. போதாததற்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

வெண்டல் டக்கெட் என்பவரிடம் மட்டும் முப்பது. வருகிற சனிக்கிழமையே இடமும் இருந்தது.

"உனக்கு இப்ப என்னடி அவ்வளவு அவசரம்?"

"பக்கத்து வீட்டு ட்வெய்ன் பண்ணினது தெரியுமில்ல? நான் பஸ் ஓட்டப் போன நேரம் பாத்து என் பெக்கான் மரத்தை அறுத்துத் தள்ளிட்டான். கேட்டா, எல்லை தாண்டி வளந்துச்சுங்கறான். தினம் முறைச்சுக்கிட்டு வேற நிக்கிறான். தனியா இருக்கற பொம்பளைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?"

மார்லீன் சாயத்தைக் கலக்குவதில் மும்முரமானாள். ட்வெய்னுக்கும் அவள்தான் முடி வெட்டுகிறாள்.

சனிக்கிழமை காலை, தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ஆறு பேர் கூடினார்கள். வெண்டல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காசுக்கேத்த தோசைதான் கிடைக்கும் என்று லொரெட்டா நினைத்திருந்தாள். மனிதரோ சட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். துப்பாக்கியை எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது, எப்போது சுடலாம், சுட்ட பிறகு வாழ்க்கை என்ன ஆகும் என்று ஒன்று விடவில்லை. மதியம் தன் கையாலேயே செய்த சீஸ் சாண்ட்விச்சும் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரும் கொடுத்தார்.

இதில் இந்த ஆளுக்கு என்னதான் மிஞ்சும்? லொரெட்டாவுக்கு மண்டை குடைந்தது. ஏதாவது துப்பாக்கிக் கடையில் கமிஷனோ? கடைசியில் எதையாவது நம் தலையில் கட்டப் பார்ப்பாரோ?

கேட்டே விட்டாள். "சார், இந்த விலை உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?"

"பென்ஷன் வருதும்மா. இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்குங்க."

சாயங்காலம் வெண்டலின் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டருகே சுடும் தேர்வு. ஆளுக்கு முப்பது குண்டு. காதை மூடும் மஃப் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சுட்டார்கள்; மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

லொரெட்டா சின்ன வயதிலேயே அப்பாவோடு அணில் வேட்டைக்குப் போனவள். அவளுடைய முப்பது குண்டும் குறியாக நிறுத்தியிருந்த அட்டை மனிதனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தன. திரும்பிப் பார்த்தால், ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

வெண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஐந்து சான்றிதழ்களைக் கொடுத்து முடித்தார்.

"லொரெட்டாம்மா, உங்களுக்கு இன்னிக்கு இல்லை."

"என்னது? முப்பதுக்கு முப்பதுய்யா! இதோ நிக்கறாரே, இவரு இருபத்தொண்ணுதான். இவருக்குக் கொடுக்கறீங்க!"

"இருபத்திரண்டு," என்று திருத்தினார் ப்ளம்பர் க்ளிஃபோர்ட்.

"இப்பல்ல புரியுது! மலிவுன்னு ஆளைப் பிடிக்கறது, ஃபெயிலாக்கறது, மறுபடி வரச் சொல்லி மறுபடி வாங்கறது. நல்ல பொழைப்புய்யா இது! உங்க மேல புகார் கொடுக்காம விடமாட்டேன்."

வெண்டல் கோபப்படவில்லை. மற்றவர்களின் வண்டிகள் கிளம்பிப் போகும் வரை காத்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து முப்பது டாலரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அம்மா, காதுல மஃப் போட்டுக்கிட்டா நம்ம குரல் நமக்கே சரியாக் கேக்காது. முணுமுணுக்கறதா நினைச்சுக்கிட்டுச் சத்தமாவே பேசிடுவோம்."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒவ்வொரு குண்டுக்கும் 'இந்தா ட்வெய்ன், வாங்கிக்கோ ட்வெய்ன்'னு கத்தினீங்கம்மா. முப்பது தடவையும்."

லொரெட்டாவின் முகம் செத்துப்போனது. அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட, தன்னை நினைத்தே பயமாக இருந்தது. அங்கிருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மாசம் போகட்டும். அப்பவும் லைசென்ஸ் வேணும்னு தோணினா வாங்க. நானே கையெழுத்துப் போடறேன், காசு வேண்டாம்."

அவள் கையில் இருந்த நோட்டுகளை மடித்தாள், பிரித்தாள்.

"சாப்பாடும் போட்டு, பணத்தையும் திருப்பிக் கொடுத்தா எப்படி சார்? மத்தவங்க மாதிரி நீங்களும் நூறு, நூத்தம்பது வாங்கினாத்தான் என்ன?"

"நிதானமா இருக்கறவங்க நாலு இடம் விசாரிச்சு, காத்திருந்து, நல்ல வகுப்பாப் பாத்துச் சேருவாங்கம்மா. ஆத்திரத்துல இருக்கறவங்கதான் எது மலிவு, எது சீக்கிரம்னு தேடுவாங்க. அவங்க வேற எங்கயும் போயிடாம முதல்ல என்கிட்ட வரணும்னுதான் இந்த விலை!"