ஃபில்டருக்கு ஆயுசு

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

அவன் ஏர் பியூரிஃபையரின் தலையில் இரண்டு தட்டு தட்டினான். பழைய டிவியைத் தட்டுகிற மாதிரி.

சிவப்பு.

நேற்று வரைக்கும் நீலமாக எரிந்த விளக்கு. இன்றைக்கென்று பார்த்து இப்படி.

இன்று போகி. கீழே தெரு முழுக்கப் பாயும் தலையணையும் எரிகின்றன. பிள்ளைகள் மேளத்தை விடுவதாக இல்லை. புகை மூன்றாவது மாடிக்கு ஏறி, ஜன்னல் இடுக்கில் நுழைந்து, அழையாத விருந்தாளியாக ஹாலில் உட்கார்ந்துவிட்டது.

அவன்தான் மனைவியை இன்று வரச் சொன்னான்.

வேறு நாளே கிடைக்கவில்லையா என்று பக்கத்து ஃபிளாட் ஜெசிந்தா அக்கா கேட்டாள்.

"புகை இருக்கிற அன்னைக்கு வந்தாத்தானேக்கா மிஷினோட அருமை தெரியும்!" என்றான். முகமெல்லாம் பல்.

அவன் மனைவி தீபாவளிக்கு மறுநாள் தாம்பரத்துத் தங்கை வீட்டுக்குப் போனவள். வீசிங், பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் மாடி முழுக்கச் சொல்லிவைத்தான். மாடியும் நம்பியது, ஜெசிந்தா அக்கா ஒருத்தியைத் தவிர. நடுச்சுவர் மெலிசு. அன்றைக்கு மூச்சு முட்டி மனைவி இன்ஹேலரை எடுத்தபோது அவன் கேட்டது அந்தப் பக்கம் தெளிவாகவே விழுந்திருந்தது.

"ரெண்டு தடவை அடிக்கணுமா? ஒண்ணு போதாதா?"

அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவனாவது, மிஷின் வாங்குவதாவது.

கடையில் எல்லோரும் மிஷின் விலை கேட்டார்கள். அவன் ஃபில்டர் விலை கேட்டான். வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்றதும் முகம் தொங்கிப்போனது.

கழுவலாமா?

கூடாது.

வெயிலில் காயவைத்து எடுக்கலாமா?

கூடாது.

"தட்டிட்டுப் போடவும் கூடாது சார்," என்றாள் கடைப்பெண், அவன் வாயைத் திறப்பதற்குள்.

கடை முழுக்கச் சுற்றி, இருப்பதிலேயே மலிவான ஃபில்டர் போடுகிற மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த ஃபில்டருக்கும் ஆயுசு கூட்ட ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தா அக்காவிடம்கூட.

கீழே ஆட்டோ நின்றது.

அவன் பால்கனிக்கு ஓடினான். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கினாள். வந்த வாடகையைக் கொடுத்தாள்.

"கொஞ்சம் இருங்கண்ணா. திரும்பப் போகணும்."

அது மூன்றாவது மாடிக்குக் கேட்டது.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே வந்தவள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ரிமோட் கவருக்குள். ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக். சோபாவும் வாங்கின அன்றைக்கு மூடினது மூடினபடி. எல்லாம் அப்படியே.

"வா, வா! இங்க வந்து பாரேன்!"

கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு பரபரக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டினான். வேகத்தைக் கூட்டினான். மிஷின் விமானம் மாதிரி இரைந்தது.

சிவப்பு.

அவள் இருமினாள்.

இன்னும் கூட்டினான்.

அவள் மண்டியிட்டு, மிஷினை நிறுத்தி, பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள். தங்கை வீட்டில் இதே மாதிரி ஒன்று உண்டு. ஃபில்டரை வெளியே இழுத்தாள்.

கவரோடு வந்தது.

ஒட்டுக்கூடப் பிரிக்காத கவர். உள்ளே ஃபில்டர் பளிச்சென்று, பிறந்த குழந்தை மாதிரி.

"அழுக்காயிடக் கூடாதேன்னு..."

பக்கத்து ஃபிளாட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

அவள் ஃபில்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு இருமலானது. இருமல் இழுப்பானது.

கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்தாள்.

ஒன்று.

மூடியைப் போட்டாள். இந்த வீட்டுப் பழக்கம்.

அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். மூடியைக் கழற்றினான். நன்றாகக் குலுக்கினான்.

நீட்டினான்.

"இன்னொண்ணு."

அவள் உடனே வாங்கவில்லை.

பிறகு வாங்கினாள்.

அவன் கவரைப் பல்லால் கிழித்தான். ஃபில்டரைப் பொருத்தினான். ஸ்விட்சைத் தட்டிவிட்டான்.

சிவப்பு.

சிவப்பு.

ஆரஞ்சு!

"பாத்தியா! பாத்தியா! நீலம் வந்துடும், இப்ப வந்துடும்!"

கை சும்மா இருக்கவில்லை. ரிமோட்டின் கவரை உரித்தான். ஃபிரிட்ஜ் கதவை உரித்தான். சோபாவை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சர்ரென்று உரித்தான். பழுப்பு என்று நினைத்திருந்த சோபா பச்சை.

அவள் அதன் நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். பிளாஸ்டிக் சத்தமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவன் பிளாஸ்டிக்கையெல்லாம் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கீழே கொண்டுபோய் நெருப்புல போட்டுடாதீங்க," என்றாள். "புகை உள்ளதான் வரும்."

ஆட்டோ ஹாரன் அடித்தது.

விளக்கு இன்னும் நீலமாகவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் ஹாரன்.

பக்கத்து பால்கனியிலிருந்து ஜெசிந்தா அக்கா எட்டிப் பார்த்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே ஆட்டோக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாள், நீங்க போங்க என்று.