ஆ காட்டு

நாயின் ஈறு வீங்கியிருக்கிறது, தினமும் தேய்த்துவிடாவிட்டால் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்றார் கால்நடை மருத்துவர். மனிதர்களின் பேஸ்ட் கூடாதாம். நாய் துப்பாது, விழுங்கிவிடும். அவர் கொடுத்த பேஸ்டில் கோழிக்கறி வாசனை அடித்தது. முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரின் கண்ணில் படாமல் கோமதி அதை ஒளித்து வைத்திருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் யாருக்கும் வாயைத் திறப்பதில்லை. மகன் அதட்டிப் பார்த்தான், நர்ஸ் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

இன்று நாய் அவர் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டது. கோமதி அங்கேயே உட்கார்ந்து, அதை இழுத்து மடியில் போட்டு, விரலில் துணி சுற்றிப் பேஸ்டைப் பிதுக்கினாள்.

“எங்க, ஆ காட்டு பாப்போம். என் ராசால்லா.”

நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோமதி நிமிர்ந்தபோது மாமனார் வாயைத் திறந்து வைத்திருந்தார். ஈறெல்லாம் ரத்தம்.

“இருங்க மாமா, உங்க பேஸ்ட எடுத்துட்டு வாரேன்.”

அவள் எழுந்ததும் உதடுகள் மூடத் தொடங்கின. சட்டென்று உட்கார்ந்தாள். மறுபடியும் திறந்தன. விரலில் பேஸ்ட் அப்படியே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.