பிஸ்கட் டப்பாவின் விலாசம்

"ஒரு வார்த்தை கத்துக்க மாட்டேன். டச்சும் வேணாம், கிச்சும் வேணாம். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. நான் இங்கேயே தனியா ஏதோ பொங்கித் தின்னுக்கறேன்."

சொல்லிவிட்டுப் பெரியவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

மகனுக்கு டச்சு பேசுகிற தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. அவனும் மனைவியும் காசு கட்டி டச்சு படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவும் கூடவே வந்து தங்க வேண்டுமென்றால், அந்த மொழியில் ஆரம்பப் பரீட்சை ஒன்று பாஸ் செய்தாக வேண்டும். அம்மா போன பிறகு அவரைத் தனியே விட்டுப் போக அவனுக்கு மனசே இல்லை.

"ரொம்ப ஈஸிப்பா. மேலே, கீழே, பக்கத்துலன்னுதான் ஆரம்பிப்பாங்க."

"டேய், நான் டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். எந்த பாஷைக்காரன் எந்த சீட்டுக்குக் கீழ ஒளிஞ்சாலும் காலரைப் புடிச்சுத் தூக்கியிருக்கேன். அதுக்கு எனக்கு டச்சு தேவைப்படலை."

மகன் பரிதாபமாக மனைவியைப் பார்த்தான். மழலையர் பள்ளி டீச்சரான அவள் சிரித்தாள். "விடுங்க. மாமாவுக்குப் பிடிக்கலைன்னா எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

உண்மையில் மாமாவின் அப்போதைய கவலை பிஸ்கட். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னதிலிருந்து, மருமகள் சாக்லேட் பிஸ்கட் டப்பாவை ஒளித்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். தினமும் ஒரு இடம். வேலைக்குக் கிளம்பும்போது அவர் காதுபடவே புருஷனிடம் டச்சில் இடத்தைச் சொல்லுவாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"பிஸ்கட் ஒன்டர் தெ டாஃபல், சரியா?"

எனக்கே டிமிக்கியா? டாஃபல் என்றால் டேபிளாகத்தானே இருக்கும்! கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சாப்பாட்டு மேஜையின் மேலே பார்த்தார். இல்லை. முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். மேஜைக்குக் கீழே, மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது டப்பா. இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டார். இனிப்பு கொஞ்சம் மட்டுதான். ஆனாலும் திருடித் தின்கிற பிஸ்கட் அல்லவா, அமிர்தமாக இருந்தது.

மறுநாள், "அக்தர் தெ காஸ்ட்" என்றாள். சொல்லும்போது அவள் கண் அலமாரிப் பக்கம் போய்வந்தது. பரிசோதகர் கண்ணில் இது படாமலா போகும்? ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி உச்சியெல்லாம் துழாவினார். ஒட்டடையும் தும்மலும்தான் மிச்சம். டப்பா அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

இந்த வயசில் ஸ்டூல் ஏறி இடுப்பை முறித்துக்கொள்ள முடியுமா? அன்று முதல் காதைத் தீட்டிக்கொண்டார். மருமகளோ துணி மடிக்கும்போதெல்லாம் போனில் பாடத்தைச் சத்தமாக வைத்து, "டுஸ்ஸன்னா நடுவுல... நாஸ்ட்னா பக்கத்துல..." என்று கிளிப்பிள்ளை மாதிரி உருப்போடுவாள். பேப்பருக்குப் பின்னால் பெரியவரின் உதடும் சத்தமில்லாமல் அசையும். அசட்டுப் பெண், நம் எதிரிலேயே படிக்கிறதே என்று ஒரே சந்தோஷம் அவருக்கு.

இரண்டு தலையணைகளுக்கு நடுவே, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷினுக்குள்ளே. எங்கே வைத்தாலும் நேராகப் போய் எடுத்தார். ஒருநாள் மட்டும், பிஸ்கட்டைக் கடித்தபடி காலி வீட்டைப் பார்த்தவர், மீதிப் பாதியை டப்பாவிலேயே திருப்பி வைத்தார். இவர்கள் போய்விட்டால் எனக்கு ஒளித்துவைக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். இனிமேல் போய்ப் பல்லை இளிப்பதா? பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

சனிக்கிழமை மதியம் 'ஒன்டர் ஹெட் பெட்' என்று காதில் விழுந்திருந்தது. இருவரும் கடைக்குப் போனதும் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தார். டப்பாவில் கை வைத்த நேரம், வாசல் கதவு திறந்தது.

"என்னப்பா, கட்டிலுக்குக் கீழ என்ன பண்றீங்க?"

"செருப்பு... செருப்பைத் தேடறேன்டா."

"செருப்பு கால்லயே இருக்கேப்பா!"

பெரியவர் டப்பாவை உள்ளே தள்ளிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். மகன் வாசல் பக்கம் திரும்பி மனைவியிடம் டச்சில், "அப்பா ஒப் ஹெட் பெட்" என்றான்.

ஒப்பாம் ஒப்பு! மேலேயா படுத்திருக்கேன்? கீழேடா மடையா, ஒன்டர், ஒன்டர்! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். மருமகள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"பார்த்து மாமா, தலையில இடிச்சுக்கப்போறீங்க."

பெரியவர் தூசியைத் தட்டிக்கொண்டு கம்பீரமாகத் தன் நாற்காலிக்குப் போனார். இத்தனை நாள் தின்றும் இதுகளுக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையே! காசு கொடுத்துப் படிக்கிற பிள்ளை 'மேலே', 'கீழே' தெரியாமல் முழிக்கிறான். இவன் எங்கே உருப்படப்போகிறான் என்று பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்.

சமையலறையில் மருமகள் புருஷனிடம் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வேணும்னே 'ஒப்'புன்னு தப்பா சொன்னதும் மாமா உதடு துடிச்சதைப் பார்த்தீங்களா? இடமெல்லாம் முடிஞ்சுது, திங்கக்கிழமையிலேர்ந்து நிறம் ஆரம்பிச்சுடலாம். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு டப்பா வாங்கிட்டு வாங்க, உள்ள பிஸ்கட் மட்டும் அதே சர்க்கரை இல்லாததாவே இருக்கட்டும்!"